இத்தாலியிலிருந்து வந்த பதில்

மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது எனக்கு எப்போதுமே பிடித்த வேலைதான். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் மொழி சொல்லிக்கொடுத்தவன் ஓய்வு பெற்றபின் வேறு எதில் பொழுதைப் போக்குவான்? வரி அலுவலகத்துக்கு மனு, ஜெர்மனியில் இருக்கிற மகளுக்கு வாழ்த்து என்று லிம்ஃபியோர்டு கடற்கழியின் இந்தக் கரையில் பாதி வீடுகளுக்கு நான் எழுதியிருக்கிறேன். ஒருவரிடமும் எதுவும் வாங்கியதில்லை. எப்போதாவது ஒரு புகைபோட்ட விலாங்கு, அவ்வளவுதான். நான் சொல்வதை நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம். அவசரமில்லை.

தோர்கில் விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

தோர்கில் பன்றிப் பண்ணைக்காரன். நானூறு பன்றிகளின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கத்திப் பேசிப் பழகியவன். மனிதர்களிடமும் அதே குரல்தான். ஊருக்கு அவனைப் பிடிக்கும். உரக்கச் சிரிக்கிறவனை நல்லவன் என்று நம்புகிற ஊர் இது. எங்கள் வேட்டைக் குழுவில் ஏழு பேர். நாணல் கரையில் ஒரு துண்டு எங்கள் குத்தகையில் இருந்தது. அங்கே வாத்து சுடுவோம். நான் குழுவின் செயலாளர். அவன் எந்தப் பொறுப்பிலும் இல்லை. ஆனாலும் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தது அவனுக்காகத்தான்.

எண்பத்து நாலாம் வருடம் கோடையில் அவன் ஒரு புதுத் துப்பாக்கி வாங்கினான். இத்தாலிய ஷாட்கன், ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. என்னுடையது என் தகப்பனாரின் இரட்டைக் குழல். மடக்கித் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அவனுக்கு அதெல்லாம் பழைய காலம். ஜூன் மாதம் களிமண் தட்டுகளை எறிந்து சுட்டுப் பழகியபோது அந்தப் புதுத் துப்பாக்கி மூன்று தடவை தானாக வெடித்தது. தோட்டாவைப் போட்டு, இழுத்துப் பிடித்த போல்ட்டை மூட விட்டவுடனே, விசையைத் தொடாமலே, சேஃப்டி பூட்டு போட்டிருக்கும்போதே. மற்ற ஐம்பது தடவை ஒழுங்காக இருந்தது. கடைக்காரனிடம் கொண்டுபோனான். அவன் கையில் ஒரு தடவைகூட வெடிக்கவில்லை.

"கம்பெனிக்கே எழுதலாமா, வேணாமா? யாராச்சும் சொல்லுங்கப்பா," என்று குழுவில் கேட்டான்.

"கடைக்காரன்தான் நல்லாருக்குங்கறானே, விடேன்," என்றார் ஒருவர்.

"அவனுக்கென்ன, வித்துட்டான். வாத்தியாரே, அந்த மக்ரோனிக்காரன் பாஷை உங்களுக்குத் தெரியுமில்ல? ஒரு காயிதம் போட்டுக் குடுங்களேன்," என்றான் தோர்கில்.

இளம் வயதில் இரண்டு வருடம் நான் இத்தாலியில் இருந்தேன். அதைச் சொன்னேன். விவரங்களை ஒரு தீவன மூட்டைச் சீட்டின் பின்புறம் கிறுக்கிக் கொடுத்தான். நாலு வரியில் பதினொரு எழுத்துப் பிழை. அதிலிருந்து நான் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவன் வாழ்நாளில் அவன் பெயரை அவ்வளவு கண்ணியமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பதிலை என் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். எப்படியும் நான்தானே படித்துச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் நடுவில் பதில் வந்தது. கொண்டுவந்தவர் ஸ்வென்னிங். அவர்தான் எங்கள் தபால்காரர், குழுவிலும் ஒருவர். அதிகம் பேசாத மனிதர். என்னை 'சார்' என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"இத்தாலி ஸ்டாம்பு, சார். தோர்கில் துப்பாக்கி விஷயமா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"நல்ல சேதியா இருந்தா சரி. அவன் பக்கத்துல நிக்கவே பயமா இருக்கு எனக்கு."

அவர் போனபிறகு படித்தேன். அந்த வரிசையில் செய்த துப்பாக்கிகளில், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி முன்னால் நீட்டியபடி சிக்கிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் அதில் தோட்டா போட வேண்டாம், எங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், வேறு தருகிறோம். 'அபாயம்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டி அடிக்கோடு போட்டிருந்தார்கள். அன்றைக்கே அவனிடம் சொல்லியிருக்கலாம்தான். ஞாயிற்றுக்கிழமை குழு கூடுகிறதே, எல்லார் முன்னாலும் சொல்வோம் என்று வைத்திருந்தேன். ஒரு வேலையைச் செய்துகொடுத்தவன் அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை.

ஞாயிறு மதியம், ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் சாராயமும் மேஜையில். நான் சட்டைப் பையில் கைவைப்பதற்குள் தோர்கில் ஆரம்பித்துவிட்டான்.

"போன வருசம் வாத்தியாரு என்னத்தச் சுட்டாரு தெரியுமா? நெஜ வாத்த ஏமாத்தி எறக்கத் தண்ணியில நான் மிதக்க விட்டிருந்தேன்ல மர வாத்து, அத. ரெண்டு குழலும் காலி. பாவம், அது பறக்கவே இல்ல. இவரு விடுவாரா? மறுபடி லோடு பண்றாரு."

அன்று பனிமூட்டம். அதை யாரும் சொல்லவில்லை. ஆறு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஸ்வென்னிங்கும் சிரித்தார். அதை நான் கவனித்தேன்.

"சரி வாத்தியாரே, மக்ரோனிக்காரன் என்ன சொல்றான்?"

கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். வரிவரியாக மொழிபெயர்ப்பதுபோல வாசித்தேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் துப்பாக்கியில் குறை ஏதும் இல்லை. பன்றித் தொழுவத்தில் சாணம் அள்ளும் கையால் எண்ணெய் போடப்படும் துப்பாக்கிகளுக்கே இந்த நோய் வருவதாக எங்கள் அனுபவம். முதலில் கையைக் கழுவவும். பிறகு துப்பாக்கியைத் துடைக்கவும்."

மேஜை குலுங்கியது. அந்தச் சிரிப்பு இப்போது என்னுடையது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் தோர்கில்தான்.

"அடப்பாவி, என் கை நாத்தம் இத்தாலி வரைக்கும் போயிருக்கே."

அவன் அதை நம்பினான் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கொஞ்சம் புத்தி உள்ளவன் காகிதத்தை வாங்கி ஒரு தடவை பார்த்திருப்பான். பாஷை தெரியாவிட்டாலும் அடிக்கோடு தெரியுமே. அவன் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்து துடைத்தானாம். திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மழை பெய்தது. செவ்வாய்க்கிழமை சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பான், அதுவும் அந்தக் குரலில். பிறகு யோசித்தேன்: துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடிக்கும், வாத்துகள் கலைந்து பறந்துவிடும், எல்லாரும் அவனைத் திட்டுவார்கள். அவ்வளவுதானே நடக்கும்?

செப்டம்பர் ஒன்றாம் தேதி, சீசனின் முதல் விடியல். நாணலுக்குள் வரிசையாக நின்றோம். வாத்துகளின் சத்தம் பின்னாலிருந்து வந்தது. தோர்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே தோட்டாவைப் போட்டு போல்ட்டை விட்டான். வெடித்தது. ஸ்வென்னிங் பதினைந்து அடி தள்ளி நின்றிருந்தார். அந்தத் தூரத்தில் ஈயக் குண்டுகள் சிதறுவதில்லை.

ஸ்வென்னிங் செத்த வழக்கில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. தோர்கில் கவனக்குறைவானவன், குழல் எங்கே பார்க்கிறது என்று அவன் எப்போதும் பார்த்ததில்லை என்றேன். கடிதத்தைப் பற்றி வக்கீல் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததையே தோர்கில் அங்கே சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது கம்பெனிக்காரன் தன்னைக் கிண்டல் செய்தது, அவ்வளவுதான். உங்கள் போலீஸ் ஆட்கள் துப்பாக்கியை முப்பது தடவை சோதித்தார்கள். ஒரு தடவைகூடத் தானாக வெடிக்கவில்லை. அவனுக்கு நாற்பது நாள் சிறை.

உள்ளே போவதற்கு முதல் நாள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் தொடச்சேன் வாத்தியாரே. கையக்கூட கழுவிட்டுத்தான் தொடச்சேன். அப்ப என் விரல்தான் எங்கயோ பட்டிருக்கணும். இல்லையா?"

அவன் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அதையே நினைத்துக்கொண்டிருக்காதே என்று ஆறுதல் சொன்னேன். வேறு யாரும் அவன் வீட்டுப் பக்கம் போகாத நேரம் அது.

தொழிற்சாலைக்காரர்கள் அந்த வரிசைத் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் திரும்பப் பெறப்போய், என் விலாசத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கடைக்காரனுக்கு அனுப்பியதால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது அசல். மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, ஒளித்து வைக்கவில்லை.

யாருக்காவது அடிபடும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யார் எங்கே நிற்பது என்பதற்கு நாங்கள் சீட்டுப் போடுவோம். அன்று தோர்கிலுக்குப் பக்கத்து இடம் எனக்குத்தான் விழுந்தது. வரிசையின் கடைசி மேடு ஸ்வென்னிங்குக்கு. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முழங்கால் வலிக்கிறது, சேற்றில் நிற்க முடியாது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் தோர்கில் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கம்பெனிக்காரன் ஒண்ணுமில்லன்னுதான சார் எழுதிருக்கான்?"

"ஒண்ணுமில்லைன்னுதான் எழுதியிருக்கான்."

என் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். என் முழங்காலுக்கு அன்றைக்கும் ஒன்றுமில்லை, இன்றைக்கும் ஒன்றுமில்லை.