ஒற்றைக் கைக் கணக்கு

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலுக்குக் கம்பெனி பஸ் காலை ஐந்து நாற்பதுக்கு வரும். எல்லப்பன் ஓட்டும் நாளில் ஐந்து முப்பத்தெட்டுக்கே வந்துவிடும். அதனால் நான் ஐந்து முப்பத்தைந்துக்கே போய் நிற்பேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐயா, நான் அவசரப்பட்டு எதையும் செய்கிற ஆள் இல்லை.

இந்த விசாரணையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. வனமாமலையின் பிரஸ்ஸில் இருந்த அந்த ஏற்பாடு, விபத்துக்கு முன்பே எனக்குத் தெரியுமா என்று. தெரியும். ஆனால் அதோடு நிறுத்தினால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டைப் செய்கிற அம்மாவுக்குச் சிரமம் இல்லையென்றால்.

என் பெயர் சண்முகசுந்தரம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ, மூன்று பேப்பர் நின்றுபோயிற்று. 2007-ல் ஒரகடத்துக்கு வந்தேன். காருக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை அடிக்கும் கம்பெனியில் செட்டர். தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ்ஸில் அச்சை மாற்றிப் பொருத்துவது என் வேலை. ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு பிரஸ்ஸையும் சோதித்து, சரியாக இருக்கிறது என்று அட்டையில் கையெழுத்துப் போடுவதும் என் வேலை.

பஸ் அங்கங்கே நின்று ஆளேற்றிக்கொண்டு கம்பெனி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். எல்லோரும் தூங்கி வழிவார்கள். நான் ஒரு நாள் சும்மா ஒரு புதிர் போட்டேன். அது பழக்கமாகிவிட்டது. தினமும் ஒன்று. விடை தெரியாவிட்டால் மறுநாள் வரை காத்திருப்பார்கள். டீ இடைவேளையில் வந்து கெஞ்சுவார்கள். பர்மனென்ட் ஆட்கள், என்னைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள், எல்லோரும். மூன்று வருடம் அந்த பஸ்ஸில் என்னை ‘கணக்கு சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

வனமாமலை 2010 ஆடி மாதம் வந்தான். நாங்குநேரிக்காரன். வயது இருபத்திரண்டு. பி.எஸ்ஸி கணிதம் இரண்டாம் வருடத்தில் அப்பா தவறிப்போனதால் நிறுத்திவிட்டு, கான்ட்ராக்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். அன்றைக்கு நான் போட்ட புதிர் இது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிய ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் சீராக எரியாது. இப்படி இரண்டு சுருளை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடத்தை அளக்க வேண்டும். கடைசி சீட்டிலிருந்து ஒரு புதுக் குரல் வந்தது.

“ஒண்ண ரெண்டு முனையிலயும் பத்த வைக்கணும் அண்ணாச்சி. இன்னொண்ண ஒரு முனையில மட்டும். மொதல்ல உள்ளது தீந்தா அரை மணி. அந்த நிமிஷமே ரெண்டாவதுக்கு மறுமுனையிலயும் வச்சிரணும். அது கால் மணியில தீந்துரும்.”

பஸ் இன்னும் ரயில்வே கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. என் அறையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவனை அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வல்லக்கோட்டை போவோம். முருகனைப் பார்ப்பது ஐந்து நிமிடம். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மண்ணில் குச்சியால் கணக்குப் போடுவது மூன்று மணி நேரம். நான் ஒரு வழியில் போவேன், அவன் வேறு வழியில் வருவான். விடை ஒன்றாக இருந்தால் இருவரும் சிரிப்போம். ஆறு மாதம் அப்படிப் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஐயா. சேர்ந்து உட்கார்ந்து பேச எனக்கு வேறு ஆள் இருந்ததில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பஸ்ஸில் இதைப் போட்டேன். ஒரு பஸ் பாதித் தூரத்தை மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துவிட்டது. மொத்தப் பயணத்துக்கும் சராசரி அறுபது வர வேண்டும் என்றால் மீதிப் பாதியை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும்? யாரும் சொல்லவில்லை. வனமாமலையும் வாயைத் திறக்கவில்லை. இறங்கும் நேரத்தில் நானே விடையைச் சொன்னேன்: தொண்ணூறு.

“இல்ல அண்ணாச்சி,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். “தொண்ணூறு வராது. எந்த வேகமும் வராது. மொத்தத் தூரம் இருவது கிலோமீட்டர்னு வைங்க. அறுவதுல போனா மொத்தமே இருவது நிமிஷம். மொதப் பத்து கிலோமீட்டர முப்பதுல வந்ததுக்கே இருவது நிமிஷம் போயிட்டுல்லா.”

எல்லப்பன் ஸ்டியரிங்கைத் தட்டினான். “அட, கரீட்டு தான்பா! டைமே பூட்ச்சி. அப்பால இன்னா ஸ்பீடுல போயி இன்னா?”

டிரைவருக்கே புரிந்துவிட்டது. பஸ் முழுக்கச் சிரித்தது. மறுநாள் காலை ஏறும்போது எல்லப்பன், “இன்னா தொண்ணூறு, குந்து,” என்றான். அன்றிலிருந்து என் பெயர் அதுதான். கேன்டீனில், பஞ்சிங் மெஷின் வரிசையில், எல்லா இடத்திலும். வனமாமலை மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்களைக் கண்டித்தான்கூட. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த மாதம் அவன் ஒரு வாரத்துக்கான அச்சு மாற்றும் வரிசையைத் தாளில் எழுதி சூப்பர்வைசர் ஸ்ரீதரிடம் கொடுத்தான். அந்த வரிசையில் மாற்றினால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் மிச்சம். அதையும் நல்ல எண்ணத்தில்தான் செய்தான். எனக்கு வேலை குறையட்டும் என்று. ஸ்ரீதர் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் தாளை ஆட்டிக் காட்டினார். “இன்னா சண்முகம், நீ யோசிக்க வேண்டியத ஆபரேட்டர் யோசிச்சிகினு கீறான். இவன பர்மனென்டுக்கு எழுதப் போறேன்.”

நான் கைதட்டினேன். அன்று மாலை அறையில் அவனிடம் அந்தப் புதிரைப் போட்டேன்.

எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். பிரஸ் இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஒரு பட்டனைக் கயிறு போட்டுக் கட்டினாலும், டேப் ஒட்டினாலும் மெஷின் கண்டுபிடித்து நின்றுவிடும்.

“இத ஒத்தக் கையால ஓட்ட முடியுமால?” என்று கேட்டேன்.

“முடியாதுல்லா.”

“முடியாதுன்னு நிரூபி. இல்ல, செஞ்சு காட்டு.”

நான்கு நாள் எடுத்துக்கொண்டான். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. ஐந்தாம் நாள் ஸ்கிராப்பில் கிடந்த ஒரு பட்டைத் தகட்டையும் இரண்டு ரப்பர் துண்டுகளையும் எடுத்து வந்து, டீ இடைவேளையில், பாகம் எதுவும் வைக்காமல் வெறும் பிரஸ்ஸை இடது கையால் மட்டும் ஓட்டிக் காட்டினான். எப்படிச் செய்தான் என்று விவரமாகச் சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டு வேறு யாராவது செய்து பார்ப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

அவன் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. “எப்படி அண்ணாச்சி?” என்றான். முதுகில் தட்டிக்கொடுத்தேன். பிறகு அதன் அடுத்த பகுதியைக் கேட்டேன். ஒரு கை பாகத்தை வைத்து எடுக்க, ஒரு கை அமுக்க, ஒரு மணி நேரத்தில் எத்தனை அடிக்கலாம்?

“அது வேண்டாம் அண்ணாச்சி. லைன்ல வச்சா கை உள்ள போயிரும்.”

“கணக்குத் தெரிஞ்சவன் கை எதுக்குல உள்ள போவுது?”

யோசித்தான். சிரித்தான். மறுநாள் ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் அதை வைத்தான். ஒரு பாகத்துக்கு எட்டு விநாடி ஆனது ஆறு விநாடியாக இறங்கியது. மணிக்கு நானூற்றைம்பது அறுநூறாக ஏறியது. ஸ்ரீதர் போர்டைப் பார்த்து, “சூப்பர்பா,” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. ஷிப்ட் தொடங்கும்போது நான் சோதிக்கும் நேரத்தில் பட்டை அவன் டிபன் பைக்குள் இருக்கும். இரண்டு பட்டனும் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்துகளில் பொய் எதுவும் இல்லை.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஒருவன் எத்தனை தடவைக்கு ஒரு தடவை தவறுவான்? அறுபதாயிரம் என்று வைத்துக்கொண்டேன். ஊகம் அல்ல. 2006-ல் மறைமலை நகரில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். அங்கேயும் ஒரு பிரஸ்ஸில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. காசிராஜன் என்பவர் ஓட்டினார். அவருடைய மூன்று விரல் போன அன்று, அடிகளை எண்ணும் கவுன்ட்டரில் என்ன இருந்தது என்று நான் பார்த்தேன். வனமாமலை ஒரு ஷிப்டுக்கு நாலாயிரத்து இருநூறு அடித்தான். அந்தத் தவறு வரப் பதினான்கு நாள் ஆக வேண்டும்.

ஒன்பதாவது நாளே வந்துவிட்டது. அந்த ஒரு இடத்தில் என் கணக்குத் தப்பு.

காலை பத்து நாற்பது. அவன் அடித்த பாகம் பிரஸ்ஸின் மேல் அச்சில் ஒட்டிக்கொண்டது. வலது கை அதை எடுக்க உள்ளே போனது. இடது கை, ஒன்பது நாளாகப் பழகிய வேலையைச் செய்தது. நான் அடுத்த பிரஸ்ஸில் ஸ்பேனரோடு நின்றிருந்தேன். பாகம் ஒட்டியதைப் பார்த்தேன். அவனைக் கூப்பிட நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு விநாடி, ஒன்றரை விநாடி இருந்திருக்கும். வனமாமலை என்பது நீளமான பெயர்.

மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். என் சட்டையைக் கழற்றிக் கட்டியதும் நான்தான். ஆம்புலன்ஸில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பட்டையை மட்டும் பிரஸ்ஸிலிருந்து எடுக்கவில்லை. அவன் செய்தது, இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று விட்டேன்.

மணிக்கட்டுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அவனுடைய அக்கா உலகம்மாள் ஊரிலிருந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டா எந்தம்பி உசுரே போயிருக்கும் அண்ணாச்சி,” என்று அழுதாள். உயிர் போகாமல் பார்த்துக்கொண்டது நான்தான் என்பதால் நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு புதிர்ப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் தொடவில்லை.

மூன்றாவது ஞாயிறு, உலகம்மாள் பால் வாங்கப் போன நேரம், என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “அண்ணாச்சி, அந்தக் கணக்குக்கு விடை ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியாதுல. நீதான் கண்டுபிடிச்ச.”

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. கம்பெனி விசாரணையில் அவன் என் பெயரைச் சொல்லவில்லை. ‘நானே செய்தேன், யாரும் சொல்லவில்லை’ என்று இடது கையால் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். எனக்கு, விடை தெரியாது என்று அவனிடம் பொய் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு வருடம் ஆகிவிட்டது.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்பீர்கள். போன மாதம் இங்கே வனமாமலை போட்ட நஷ்ட ஈட்டு வழக்கின் வாய்தா அன்று பின் பெஞ்சில் எல்லப்பனோடு உட்கார்ந்திருந்தேன். நஷ்ட ஈடு தர முடியாது என்று கம்பெனி கொடுத்த பதிலை, அவர்கள் வக்கீல் யாக்கோபு எழுந்து படித்தார். அதில் ஒரு வரி. ‘மனுதாரர் தம்முடைய அசாதாரணமான மூளைத்திறத்தால், இத்துறையில் இதுவரை எவரும் யோசித்திராத ஒரு கருவியைத் தாமே வடிவமைத்து’ என்று. எல்லப்பன் என் விலாவில் இடித்தான். “பய மூளக்காரன்பா,” என்றான். நீங்களும் நிமிர்ந்து வனமாமலையைப் பார்த்தீர்கள், ஐயா. நான் கவனித்தேன்.

எவரும் யோசித்திராத என்பது உண்மை அல்ல. மறைமலை நகரில் காசிராஜன் ஓட்டிய பிரஸ்ஸுக்கு அதைச் செய்து கொடுத்தவன் நான். அதே பட்டைத் தகடு, அதே இரண்டு ரப்பர். பழைய வாஷர் ஒன்றையும் சேர்த்திருந்தேன். அது வனமாமலைக்குத் தோன்றவில்லை. அவன் நான்கு நாள் எடுத்துக்கொண்டான். நான் ஒரே மதியத்தில் கண்டுபிடித்தேன்.

அவனுக்குச் சேர வேண்டிய பணம் சேரட்டும். என் மேல் என்ன வழக்குப் போட வேண்டுமோ போடுங்கள். அந்த வரியை மட்டும் திருத்தி, என் பெயரை எழுதிவிடுங்கள்.