திருவோணத்து டியூட்டி

கரமனையில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போகும் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

“சாமி கும்பிடாதவளுக்குப் பண்டிகையே கிடையாதாம்டி. பெருநாள், கிறிஸ்துமஸ், இப்போ திருவோணம், எல்லாத்துக்கும் எனக்குத்தான் டியூட்டி.”

மற்றவள் சிரித்தாள். “பேசாம கும்பிடறேன்னு சொல்லிடேன்.”

“லீவுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.”

“பின்னே?”

“ஓணத்தன்னிக்கு அம்மா தனியா இலை போட்டுச் சாப்பிடுவா, கேட்டியா. நான் கூட உட்காரணும். அதுதான் காரணம்னு இன்னிக்கு மேனேஜர்கிட்ட நேரா சொல்லப் போறேன்.”

“அப்போ அன்னிக்கு யார்டி வேலை பாக்கறது?”

“சீட்டுக் குலுக்கிப் போடட்டும். கும்பிடறவா பேரையும் சேர்த்து.”

“ஐயோ, என் பேருமா?”

“உன் பேருந்தான்.”