காத்து நிக்கற வேலை

இல்ல சார், உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. உக்காருங்க. இட்லி வேக வெக்கற ஸ்டீமர்னு நீங்க வாயெடுத்ததும் உத்தமன் ஹெல்மெட்ட எடுத்துக்கினு கெளம்பிட்டான், அவ்ளோதான். யார் வந்து கேட்டாலும் அப்படித்தான். போன மாசம் ஒரு ஆஸ்பத்திரிக்காரங்க ஆக்சிஜன் லைன் போடணும்னு வந்தாங்க. காபி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டான். தண்ணி நிக்கற வேலை, காத்து நிக்கற வேலை, ஆவி நிக்கற வேலை, எதுவும் இந்தக் கடைல எடுக்கறதில்ல. கேட்டு, கிரில்லு, மாடிப்படிக் கைப்புடி, அவ்ளோதான். கிரில்லுல ஓட்டை இருந்தா யாரு கேக்கப் போறாங்க? ஓட்டைக்குத்தானே சார் கிரில்லே.

நானா? நான் கிளிஃபர்ட்டு. இதே பெங்களூர், ஃப்ரேசர் டவுன். இங்க போன் எடுக்கறது, அளவு எழுதறது, கஸ்டமர சமாதானம் பண்றது, எல்லாம் நாந்தான். இப்ப உங்களப் பண்றேன் பாருங்க.

வெல்டிங் சரியில்லன்னு அவனப் பழைய கம்பெனில வெளிய தள்ளிட்டாங்கன்னு சொன்னாங்களா? யாரு சொன்னான்னு கேக்க மாட்டேன் சார், மர்பி டவுன்ல வாய்க்குப் பஞ்சமா. தள்ளினது நெஜம். வெல்டிங் சரியில்லங்கறதுதான்... நேரம் இருக்கா? இருந்தா சொல்றேன். உத்தமன் அல்சூர் வரைக்கும் போயிருக்கான், வரதுக்கு அரை மணி ஆவும். இப்ப மொதலாளி, ஆனா எனக்கு வாய்ல அவன்னுதான் வரும். ஒரே பஸ்ல தொங்கிக்கினு பீன்யா ஃபேக்டரிக்குப் போனவங்க.

கம்பெனி பேரு வேணாம் சார். தொண்ணூத்தெட்டு. மொதல்ல டிரான்ஸ்ஃபார்மர்தான் செஞ்சுக்கினு இருந்தோம். வடக்க ஒரு ஆராய்ச்சிக் கூடத்துலேந்து ஆர்டர் வந்துச்சு, காந்தக் காயில் வேணும்னு. எதுக்குன்னா, சூரியன்ல நடக்கறத இங்க ஒரு ரூமுக்குள்ள நடத்திக் காட்டப் போறாங்களாம். சிரிக்காதீங்க, நாங்களும் சிரிச்சோம். அந்தச் சூட்ட எந்தப் பாத்திரத்துல வெப்பீங்க? எதுல வெச்சாலும் உருகிடும். அதனால சுத்திக் காந்தத்த நிறுத்தி, செவுத்துல படாம அந்தரத்துலயே புடிச்சு வெக்கணும். அந்தக் காந்தம்தான் நாங்க செய்ய வேண்டியது. இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி, ஒண்ணரை ஆள் ஒசரம். கிரேன் இல்லாம அசையாது.

சூட்டப் புடிக்கற காந்தம், ஆனா அது வேல செய்யணும்னா ஐஸைவிட ஐஸா இருக்கணும். மைனஸ் இருநூத்தி அறுபத்தொம்பது. அந்தக் குளுருல அதோட கம்பில கரன்ட்டு தடையே இல்லாம ஓடும். கம்பியச் சுத்தி ஸ்டீல் கொழா, கொழாக்குள்ள ஹீலியம். ஹீலியம் இருக்கே, பொல்லாத காத்து சார். தண்ணி நிக்கற ஓட்டைல அது நிக்காது, எண்ணெ நிக்கற ஓட்டைல நிக்காது. கண்ணுக்குத் தெரியாத பொத்தல் இருந்தாலும் போயிக்கினே இருக்கும். அந்தக் கொழாய ஒட்டற வேல உத்தமனோடது.

ஏன் அவன்னா, வேற யாராலயும் முடியல. காயில் உச்சில ஒரு ஜாயின்ட்டு. கை போனா தல போகாது, தல போனா கை போகாது. கண்ணாடில பாத்துத்தான் நெருப்பு வெக்கணும், பல் டாக்டர் வாய்க்குள்ள விடுவாங்களே, அந்தக் கண்ணாடி. கண்ணாடில எடது வலது மாறித் தெரியும். உள்ள இருக்கற கம்பிக்குச் சூடும் ஏறக் கூடாது. ஒரு மாசம் வீட்டுல பழகினான் சார். அவன் சம்சாரம் அன்னம்மா எங்க வீட்டுக்காரி குளோரியா கிட்ட வந்து அழுவுது, எங்க வீட்டுக்காரரு தெனம் கண்ணாடி முன்னாடி ஒக்காந்து அதப் பாத்தே ஊசில நூல் கோக்கறாருக்கா, மாரியம்மனுக்கு வேண்டிக்கட்டுமா உங்க மாதாவுக்கு வேண்டிக்கட்டுமான்னு. ரெண்டு பேருக்கும் வேண்டிக்கோன்னு இவ சொல்லிட்டா.

ஒரே மூச்சுல போட்டான். எறங்கி வந்தப்ப சட்டை பிழிஞ்சா ஒரு செம்புத் தண்ணி. ஜி.எம். பாலகுமார் அவனக் கட்டிப் புடிச்சுக்கினாரு. கோட்டு சூட்டோட. அதுக்கு முன்னாடி அந்த மனுஷன் யார்கிட்டயும் கை கூடக் குடுத்ததில்ல.

அப்புறம் டெஸ்ட்டு. காயிலுக்குள்ள ஹீலியம் ஏத்தி, மேல பாலித்தீன் கூடாரம் போட்டு மூடிட்டு, மூக்கு மாதிரி ஒரு குச்சிய வெச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா மோந்து பாக்கணும். வெளிய ஹீலியம் இருந்தா மிஷின் கத்தும். வடக்கத்தி இன்ஸ்பெக்டர் வந்து நிக்கறாரு, பாலகுமார் நிக்கறாரு, உத்தமன் நிக்கறான். கீழ் ஜாயின்ட்டு, சத்தம் இல்ல. நடு ஜாயின்ட்டு, லேசா முனகுச்சு. உச்சி ஜாயின்ட்டு கிட்ட கொண்டு போனதும் கத்துச்சு பாருங்க, ஆம்புலன்ஸ் மாதிரி.

உத்தமன் அவன் கையையே பாத்துக்கினு இருந்தான்.

கமிட்டி போட்டாங்க. ஆறு பேரு, ஒருத்தருக்கும் வெல்டிங் ராடு எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியாது. அந்த ஜாயின்ட்ட அறுத்தெடுத்து, பாலிஷ் பண்ணி, மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க. உள்ள ஒரு கறுப்புப் புள்ளி. கடுக நாலாக் கிள்ளினா எவ்ளோ இருக்கும், அதுல பாதி. இதாம்ப்பா காரணம்னு ஆறு பேரும் ஒத்துக்கினாங்க. அந்தக் கமிட்டி ஒத்துப் போன விஷயம் அது ஒண்ணுதான். சார், எந்த வெல்ட அறுத்தாலும் ஒரு புள்ளி இருக்கும். உங்க இட்லிய அறுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சா புள்ளி இருக்காதா? ஆனா உத்தமனக் கூப்புட்டுக் காட்டினாங்க. குனிஞ்சு பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். நிமுந்து, ஆமா சார், என் தப்புதான்னான்.

அங்கதான் சார் போச்சு. அவங்க சொன்னதுல போகல, அவனே சொன்னான் பாருங்க, அதுல.

நீயே லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுன்னாங்க. எழுதிக் குடுத்தான். அறுத்த எடத்துல கம்பி கருகிப் போச்சு, காயில் வீணு. ஆர்டர் வேற கம்பெனிக்குப் போச்சு. எங்க டிவிஷன நாலு வருஷம் வேல குடுக்காம சும்மாவே வெச்சிருந்துட்டு மூடிட்டாங்க.

இவன் இங்க ஒரு தகர ஷெட்டு போட்டு கேட்டு அடிக்க ஆரம்பிச்சான். நேரம் பாருங்க, அப்பதான் ஊரெல்லாம் சாஃப்ட்வேர் பசங்க, தடுக்கி விழுந்தா அபார்ட்மென்ட்டு. எல்லா பால்கனிக்கும் கைப்புடி வேணும். சூரியனப் புடிச்சு வெக்கப் பழகின கைல ஈரத்துணி காய வெக்கற கம்பி. நல்லா வந்துட்டான். அவன வெளிய தள்ளின ஆறு பேர்ல ரெண்டு பேரு வீட்டு கேட்டு நம்ம கேட்டுதான்.

இன்னொண்ணு கேளுங்க. அந்த ரிஜெக்ட் காயில ஸ்கிராப்புல யாரோ எடுத்து, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஐ.டி. ஆபீஸ் வாசல்ல நிறுத்தியிருக்காங்க. மாடர்ன் ஆர்ட்டாம். டி ஃபார் டெக்னாலஜியாம். சுத்தி ஃபவுன்டன், கலர் லைட்டு. அதச் சுத்திக் கைப்புடி போட ஆர்டர் யாருக்கு வந்துச்சுன்னு நெனக்கறீங்க? மூணு நாள் வேல. அளவெடுக்க நானும் போனேன். உச்சில அறுத்த எடத்த பட்டி போட்டு மூடித் தங்கக் கலர் அடிச்சு வெச்சிருந்தாங்க. இவன் அண்ணாந்து பாத்துக்கினே இருந்தான். ஏன்டா, வேற யாருக்காச்சும் இந்த வேலயக் குடுத்துடலாமான்னேன். வேணாம் கிளிஃபர்ட்டு, நாம பண்ணது, நாமளே வேலி போடுவோம்னான். அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு வந்து, அங்கிள், திஸ் ஈஸ் வெரி டீப் ஆர்ட்னு சொல்லிட்டுப் போச்சு.

நான் இங்க எப்படி வந்தேனா? டிவிஷன் மூடினதும் என்னையும் அனுப்பிட்டாங்க. ஹீலியம் மோந்து பாக்கறவனுக்கு ஊர்ல என்ன வேல? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல ஃபைலக் கக்கத்துல வெச்சுக்கினு நிக்கறேன், இவன் வண்டிய நிறுத்தினான். பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு. கிளிஃபர்ட்டு, நான் ஒழுங்காப் போடாத ஒரு வெல்டால உங்க எல்லாரு பொழப்பும் போச்சு, என்னிய மன்னிச்சுடுடா, நாளைக்கே கடைக்கு வந்துருன்னான். மறுநாள் வந்தேன். நாலு வருஷம் ஆச்சு. கிறிஸ்மஸ்க்குப் பசங்களுக்குத் துணி எடுத்துத் தரான், குளோரியாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப ஆஸ்பத்திரிலயே கெடந்தான். என் தம்பி கூட அப்படிச் செய்ய மாட்டான்.

இப்ப புரியுதா ஏன் ஸ்டீமர் எடுக்க மாட்டேங்கறான்னு? அவன் கை மேல அவனுக்கு நம்பிக்கை இல்ல. நீங்க என்ன கெஞ்சினாலும் செய்ய மாட்டான். மத்தபடி அந்த வெல்டு சுத்தமான வெல்டு சார். பெங்களூர்ல அப்படி ஒரு வெல்டு இன்னிவரைக்கும் யாரும் போட்டதில்ல.

எனக்கு எப்படித் தெரியுமா?

அது... டெஸ்ட் அன்னிக்கு எங்க பொண்ணு அல்போன்சாவுக்கு பொறந்தநாளு சார். அஞ்சாவது. எம்.ஜி. ரோட்ல மேல பறக்கற பலூனப் பாத்துட்டு அதான் வேணும்னு ஒரு வாரமா அழுவுது. அதுக்கு நான் எங்க போவேன்? கூடாரத்துக்குள்ள சிலிண்டர் இருக்கு. மத்தியானம் எல்லாரும் சாப்புடப் போயிருந்தாங்க. உள்ள ஒக்காந்து பன்னெண்டு பலூன் ஊதினேன். மூணு வெடிச்சிருச்சு. நாலஞ்சு தடவ கட்டறதுக்குள்ள நழுவி காத்து போச்சு. பாலித்தீன் கூடாரம், காத்து வெளிய போக வழி இல்ல. ஹீலியம் மேல ஏறும் சார். மேல போய் அந்த உச்சி ஜாயின்ட்டச் சுத்தி நின்னிருக்கு.

அப்ப எனக்கும் தெரியல, மேரியம்மா சத்தியமா. மிஷின் கத்தினப்ப நானும் உத்தமன்தான் சொதப்பிட்டான்னு நெனச்சேன். சாயங்காலம் பலூன சாக்குல போட்டு எடுத்துக்கினு போறேன், கேட்டுல வாட்ச்மேன் கோவிந்தப்பா, ஏனப்பா, சாக்கு மேல தூக்குதேன்னான். மக பொறந்தநாளுன்னேன். கொழந்த நூறு வருஷம் இருக்கட்டும்னு சொல்லி விட்டுட்டான். பஸ்ல சாக்கு அவிழ்ந்துருச்சு. ஒம்போது பலூனும் போய்க் கூரைல ஒட்டிக்கிச்சு. பஸ்ஸே சிரிக்குது. நான் அண்ணாந்து பாத்தேன், அப்பதான் அந்தக் கூடாரம் ஞாபகம் வந்துச்சு.

ஒரே தடவ டெஸ்ட் பண்ணிட்டு அறுத்துட்டாங்களான்னு கேக்கறீங்க. நீங்க ஹோட்டல் நடத்தறீங்க, கணக்காக் கேக்கறீங்க. இல்ல சார். மறுநாள் காலைல திரும்பப் பாக்கச் சொன்னாங்க. இன்ஸ்பெக்டரும் பாலகுமாரும் மல்லேஸ்வரத்துக்கு தோசை சாப்புடப் போயிட்டாங்க, நான் தனியாத்தான் பண்ணேன். கூடாரத்தப் பிரிச்சுட்டு, காத்தாட விட்டுட்டு, உச்சி ஜாயின்ட்டச் சுத்தி மூணு தடவ மூக்க வெச்சேன். முள்ளு அசையல. பூஜ்யம்.

முந்தின நாள் நம்பரையே எழுதிட்டேன்.

ஏன்னா... பூஜ்யம்னு எழுதினா நேத்து எங்கேந்து வந்துச்சுன்னு நோண்டுவாங்க. கேட்டுல கோவிந்தப்பா இருக்கான். நான் என்ன நெனச்சேன்னா, அறுத்துப் பாப்பாங்க, உள்ள ஒண்ணும் இருக்காது, மிஷின்தான் கோளாறுன்னுட்டு அவன விட்டுடுவாங்கன்னு. புள்ளி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? அவனே ஒத்துக்குவான்னு யாருக்குத் தெரியும்?

இல்ல சார், யார்கிட்டயும் சொன்னதில்ல. குளோரியாவுக்கே தெரியாது. எட்டு வருஷம். தெரிஞ்சவங்க கிட்ட எப்படிச் சொல்றது? உங்களுக்கு ஸ்டீமர் கெடைக்கப் போறதில்ல, இந்தப் பக்கம் இனிமே வர மாட்டீங்க, அதான் சொன்னேன்.

வண்டி சத்தம். வந்துட்டான். ஏன் சார் எழுந்துட்டீங்க? எங்க போறீங்க? அவன் கிட்டச் சொல்லவா? ஸ்டீமருக்காகவா? சார், ஒரு நிமிஷம், சார்...

சரி. போங்க. பலூன் வரைக்கும் சொல்லுங்க சார். அதுக்கு மேல வேணாம்.