பித்தளைக் கார்புரேட்டர்

பழைய கார்களைச் சீர்படுத்துகிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பதினோரு வருடம் ஒரே காரோடு கிடந்தவள் என்பதால், என்னைப் பற்றியும் ஊரில் அப்படித்தான் பேச்சு.

உங்கள் பையில் இருக்கும் அந்த வெள்ளை உலோகக் கட்டியை நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. பண்ணைக்காரர் கிளாரி பட்னியின் தண்ணீர் பம்பில் இருந்தது பித்தளைக் கார்புரேட்டர். அந்தச் சூட்டில் பித்தளை இப்படி உருகி ஓடாது. தீ விசாரணைக்கு வருகிறவர் யாராவது ஒருநாள் இதைக் கவனிப்பார் என்று எனக்குத் தெரியும்.

என் கார் 1926-இல் செய்தது. கோழிக்கொட்டகை ஒன்றிலிருந்து வெறும் சட்டமாக வாங்கி வந்தேன். எஞ்சினின் அளவுகளைத் தேடவே நான்கு வருடம் போயிற்று. கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய பதிவேட்டின் நகல் தபாலில் வந்தது. கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலந்து போகும் தொண்டை ஒன்றேகால் அங்குலம், பித்தளை. மற்றதெல்லாம் கிடைத்தது, அது மட்டும் கிடைக்கவில்லை. பிறகு கிளாரியின் பண்ணைக் குளத்தோரம் அதே எஞ்சின் பம்பில் பூட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். அவருடைய அப்பா ஏதோ நொறுங்கிய காரிலிருந்து கழற்றி மாட்டியதாம்.

இரண்டு வருடம் போய்வந்தேன். கேக் செய்து எடுத்துப் போவேன். "என்னைப் பாக்க வந்தியா, என் எஞ்சினைப் பாக்க வந்தியா?" என்பார். மனைவி போன பிறகு அந்த வீட்டுக்கு வேறு யாரும் அதிகம் வந்ததில்லை. தரமாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. "கோடை முடியட்டும் நோரீன். ஈஸ்டர் வந்துட்டா எஞ்சினையே தூக்கிட்டுப் போ. காட்டுத்தீ காலத்துல மட்டும் அது என்கிட்ட இருக்கணும்." எங்கள் பக்கம் கோடை டிசம்பரில் தொடங்கும். எங்கள் பழைய கார்ச் சங்கத்தின் அணிவகுப்பு மார்ச்சில். ஈஸ்டர் அந்த வருடம் ஏப்ரலில் வந்தது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கண் மருத்துவரிடம் போயிருந்தபோது மாற்றினேன். ஒரு சிறிய வேனின் வெள்ளை உலோகக் கார்புரேட்டர், தொண்டை ஒரு அங்குலம். போல்ட் துளைகள் பொருந்தின. புதிதாகத் தெரியாமல் இருக்கக் கரியும் கிரீஸும் பூசினேன். கைப்பிடியைச் சுற்றினேன், எஞ்சின் பிடித்தது, தண்ணீர் வந்தது. ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை. அவரை வெறும் கையோடு விட்டுவிட்டு வரவில்லை என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் காட்டுத்தீ வரும் நாளுக்கு ஒரு திட்டம் எழுதி வைத்திருப்பார்கள். இருந்து அணைப்பதா, முன்னாலேயே கிளம்புவதா என்று. கிளாரியின் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரே ஒரு வரி ஒட்டியிருந்தது. பம்ப் ஓடினால் இருப்பேன், ஓடாவிட்டால் கிளம்புவேன். அந்தப் பெட்டியிலிருந்து பால் எடுத்துத் தேநீர் போட்டபோதெல்லாம் அதைப் படித்திருக்கிறேன்.

இப்போது கார் முழுமையாக இருக்கிறது. அணிவகுப்பில் முதல் பரிசு. தினமும் காலையில் கிளப்புகிறேன். மெதுவாக ஓடும்போது ஒன்றுமில்லை. வேகத்தைக் கூட்டினால் எஞ்சின் சத்தத்துக்கு அடியில் யாரோ கைப்பிடி சுற்றுவது கேட்கிறது. அரைச் சுற்று, நிறுத்தம், மறுபடி அரைச் சுற்று. இரண்டு தடவை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அந்த நகலோடு ஒப்பிட்டு அளந்தேன். எல்லா அளவும் சரியாக இருக்கிறது. கைப்பிடிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பம்பின் எஞ்சின் பழையது, தேய்ந்துவிட்டது என்று தீ விபத்தின் முதல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். கைப்பிடி மேல் கை வைத்தபடி கிளாரி இறந்து கிடந்ததாகவும் எழுதியிருந்தார்கள். தீ வந்த அன்று காலை அவர் வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு ஒன்று போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீங்களும் இன்னும் கேட்கவில்லை.

பத்தரை மணி இருக்கும். அனலாய் வீசும் வடக்குக் காற்று. மலைக்குப் பின்னால் புகை தெரிய ஆரம்பித்திருந்தது.

"நோரீன், இது சும்மா ஓடுனா நல்லாத்தான் ஓடுது. தண்ணியை முழுசாத் தொறந்தா மூச்சு முட்டி நின்னுடுது. இந்த எஞ்சினைப் பத்தி உன்னைவிடத் தெரிஞ்சவங்க யாரு? சொல்லு, கிளம்பிடட்டுமா?"

சாலை அப்போது திறந்துதான் இருந்தது. வண்டியும் வாசலில் நின்றது. கிளம்புங்கள் என்று நான் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.

"பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் போடுங்க கிளாரி," என்றேன். "அவ்வளவுதான், ஓடிடும்."

"நீ சொன்னா சரி," என்று வைத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னது பொய்யில்லை. அந்தப் பிளக்குகள் உண்மையிலேயே அழுக்காகத்தான் இருந்தன.