காலி வீட்டின் படங்கள்

இடிக்கப்போகும் வீட்டைப் படமெடுக்கக் காலை வெளிச்சம்தான் நல்லது, ஐயா. எங்கள் பகுதியில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் போய் அடுக்குமாடிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு அறையும் காலி என்று படமெடுத்து மேஸ்திரியிடம் காட்டுவது என் வேலை. நான் தலையசைத்தால்தான் இயந்திரம் நகரும். ஏழு வருடத்தில் என்னால் ஒரு பூனைக்குக்கூடத் தீங்கு வந்ததில்லை.

அதே வீடுகளில் என் தங்கை தாழ்ப்பாள், குழாய், ஜன்னல் கம்பி என்று பொறுக்கிச் சிலை செய்வாள். கண்காட்சி முடிந்ததும் பிரித்துப்போட்டு அடுத்த சிலைக்கு எடுத்துக்கொள்வாள். அதனால் அவளுடைய பழைய சிலை எதுவும் இன்று இல்லை. இருப்பவை என் படங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னு எடுக்கா. என் குதிரைக்கு மூக்கு வீங்கின மாதிரி இருக்கு."

"தண்ணிக்குழாயை மூக்கா வச்சா வேற எப்படிடி இருக்கும்?"

சிரித்துக்கொள்வோம். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை. போன கண்காட்சியில் என் படங்களின் முன்னால் நின்றுகொண்டு எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அம்மா யாரிடமோ, "பெரியவ சும்மா பட்டனை அமுக்குவா. சின்னவளுக்குத்தான் கையில வித்தை" என்றாள். அம்மா வெகுளி. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்போது செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து.

மறுநாள் காலை மூலைவீடு. தங்கை பின்னறையில் மாடிப்படிக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு போல்ட்டு வரவே மாட்டேங்குது. பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கச் சொல்லேன்."

"சொல்றேன். நீ நிதானமா கழட்டு."

வாசலில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம்.

"எல்லாம் காலியாம்மா?" என்றார் மேஸ்திரி.

கேமராவைக் கொடுத்தேன். ஒவ்வொரு அறையாகத் தள்ளிப் பார்த்தார். பின்னறையும் காலியாகத்தான் இருந்தது. தலையசைத்தேன்.

மறதி என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. என் வேலையில் மறதி கிடையாது. பின்னறைப் படம் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கே எடுத்தது. அங்கே நல்ல கைப்பிடி இருக்கிறது, காலையில் வந்து எடுத்துக்கொள் என்று இரவுச் சாப்பாட்டில் அவளிடம் சொன்னதும் நான்தான்.

ஆனால் பொறாமை என்கிறீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறாமைக்காரி யாராவது, தூசி அடங்கும்வரை காத்திருந்து, அவள் கை வெளியே தெரிந்த அந்த இடிபாட்டை நாற்பது கோணத்தில் அவ்வளவு அழகாகப் படமெடுத்திருப்பாளா?