பென்ஷன் ஆபீஸ் கதவு

பியூன்: அண்ணே... டமார்னு என்னண்ணே சத்தம்? கூரை விழுந்துடுச்சோன்னு ஓடி வர்றேன்.

தச்சர்: கதவுதான். சாய்ச்சு வெச்சேன், சரிஞ்சிடுச்சு.

பியூன்: நாளைக்குப் புது அதிகாரி வந்து உட்காரணும். ரூமுக்குக் கதவு இருக்கணும்னு முதல்லயே சொல்லி அனுப்பிட்டார். நீங்க என்னடான்னா...

தச்சர்: மாட்டத்தான் பார்க்கறேன். ஒத்து வரல.

பியூன்: இந்த நிலைச்சட்டத்துல இருந்து இதே கதவைக் கழட்டினது நீங்கதானே?

தச்சர்: நான்தான். பழைய அதிகாரி அம்மா வந்த அன்னிக்கே கழட்டச் சொன்னாங்க. அப்புறம் மரம்...

பியூன்: மரம் உப்பும், தெரியும். இப்படிச் சுருங்குமா? கை நுழையற அளவுக்குச் சந்து.

தச்சர்: இழைக்கும்போது... கை கொஞ்சம் ஓடிடுச்சு.

பியூன்: நூல் பிசகாத கைன்னு ஊரே சொல்லுது. அதுவா ஓடுச்சு?

தச்சர்: உனக்கென்னப்பா அவசரம்? ஓ... கதவு வந்தா உன் ஸ்டூலும் வந்துடும். ஆளை நிறுத்தி வெக்கலாம். கவனிச்சவனை மட்டும் உள்ள விடலாம்.

பியூன்: குத்திக் காட்டறீங்க.

தச்சர்: என் தம்பி போனப்புறம் அவன் சம்சாரம் பென்ஷனுக்கு நடையா நடந்தா. அம்மாவுக்கு முன்னாடி இருந்த அதிகாரி காலத்துல. நீ என்ன சொன்னே? ஐயா மீட்டிங்ல இருக்கார்.

பியூன்: ...குறட்டைச் சத்தம் வெளிய கேட்கும்.

தச்சர்: கதவு போன மறுநாள் அவ அதே வாசல்ல நின்னா. அம்மா நிமிர்ந்து பார்த்து, 'உள்ள வந்து உட்காரும்மா'ன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து. எல்லார் கண்ணுக்கும் முன்னாடி. அந்த நன்றிக்கு என்னால முடிஞ்சது, இந்தக் கதவைக் கெடுத்தது. போ, போய்ச் சொல்லு.

பியூன்: சொன்னா புதுக்கதவு செய்வாங்க.

தச்சர்: செய்யட்டுமே. அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, மரம் வந்து சேர்றதுக்குள்ள அவரும் நாலு பேர் பார்க்க வேலை செஞ்சு பழகிடுவார்.

பியூன்: பழகுவாரா?

தச்சர்: அந்த நம்பிக்கைதான். சரி, பேருக்காவது இதை மாட்டணும். ஸ்டோர்ல கீல் தேடறேன்னு காலையில போனவன்தானே நீ?

பியூன்: அப்பா எங்க வேலை பார்க்கறார்னு கேட்டா, முன்னல்லாம் என் பொண்ணு பேச்சை மாத்திடுவாண்ணே. இப்பதான் வாய்விட்டுச் சொல்றா.

தச்சர்: சந்தோஷம். கீல் எங்கப்பா?

பியூன்: தேடினா கிடைக்காதுண்ணே... மாத்தலாகிப் போன அதிகாரி அம்மாவை பஸ் ஏத்திவிட்டுத் திரும்பும்போதே கிணத்துல போட்டுட்டேன்.