முப்பத்தாறு தசம் எட்டு

எங்கள் வீட்டுத் தெர்மாமீற்றரில் பழுதில்லை, ஐயா. விசாரணைக்கு வீணாக அதையும் எடுத்து வந்திருக்கிறீர்கள்.

நான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். படிப்பு நாலாம் வகுப்பு. ஆனாலும் இலக்கம் எழுதத் தெரியும். மகள் கொன்ஸ்ரன்ஸ் வத்தளைக்கு வேலைக்குப் போனபின், பேத்தி ரொஷேலுக்கு மூன்று வேளையும் காய்ச்சல் பார்த்துக் கொப்பியில் எழுதியது நான்தான். ஏழு வயது, இரத்தப் புற்றுநோய். ஏற்றிய மருந்து உடம்பின் எதிர்ப்பையெல்லாம் தின்றுவிட்டது. முப்பத்தெட்டைத் தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும், பனடோல் கொடுத்துச் சூட்டை இறக்கி மறைக்கக் கூடாது என்று வார்டில் சொல்லியிருந்தார்கள்.

தை மாதம் இருமல் வந்தது. எக்ஸ்ரே சுத்தம்.

“பிறகென்ன, டொக்டர்?”

“இந்தப் பிள்ளைகளுக்குக் கிருமி இருந்தாலும் படத்தில தெரியாமப் போகும், அப்பா. குழாய் விட்டு நெஞ்சைக் கழுவித்தான் பார்க்கோணும். சின்ன வேலை.”

“படத்துக்கே தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?”

மகள் என்னைக் கேளாமல் கையெழுத்துப் போட்டாள். சின்ன வேலை என்றவர்கள் பிள்ளையை நாலு நாள் மூச்சு மெஷினில் போட்டார்கள். கடைசியில், ஒரு கிருமியும் அகப்படவில்லையாம். எல்லாருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றினார்கள். சொந்த மகளும்தான்.

வைகாசியில் மறுபடி சுட்டது. முப்பத்தொன்பது. பௌஸியின் பார்மசியில் பிள்ளைகள் குடிக்கும் பனடோல் பாணி மருந்து வாங்கி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கொடுத்தேன். கொப்பியில் முப்பத்தாறு தசம் எட்டு என்று எழுதினேன். பதினொரு நாள். பிள்ளை டீவி பார்த்தாள், சிரித்தாள். மகள் வந்து தொட்டுப் பார்க்கும்போது உடம்பு குளிர்ந்திருக்கும்.

“அம்மாட்டச் சொன்னியெண்டா திரும்பக் குழாய் விடுவாங்க,” என்றேன்.

“சொல்ல மாட்டன், தாத்தா.” அந்தோனியார் படத்தில் கைவைத்தே சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் உதடு நீலம் பாரித்தது. ஸ்கான் எடுத்தபோது இரண்டு சுவாசப்பையிலும் பூஞ்சணம் பரவியிருந்ததாம். காய்ச்சல் தொடங்கிய அன்றே கொண்டுவந்திருந்தால் மருந்து இருந்தது என்றார் டொக்டர். மகள் கொப்பியை நீட்டி, காய்ச்சலே இருக்கவில்லை என்று அழுதாள். அப்போதுதான் பிள்ளை மாஸ்க்கை விலக்கி, “தாத்தா பாணி தந்தவர்,” என்றாள். அதுதான் அவள் கடைசியாகக் கதைத்தது.

ஓம், மறைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். டொக்டர்மார் ஏமாற்றுவார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் இவள் எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தவள். அதனால்தான் அடக்கத்துக்கு நான் போகவில்லை.